கேள்வி – பதில்: பச்சைக் களிம்பும் பழைய இரும்பும்

இத்தாலியில் பிரேசியா, நேப்பிள்ஸ், ரோம் நகரங்களின் அருங்காட்சியகங்களில் சீரமைத்துக் காட்சிக்கு வைத்திருக்கும் ரோமானிய வெண்கலச் சிலைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு உலோகப் பாதுகாப்புத் துறையினர் தரும் பதில்கள்.

சீரமைத்துவிட்டோம் என்கிறார்கள். படத்தில் பார்த்தால் சிலைகள் பச்சையும் கறுப்புமாகத்தான் இருக்கின்றன. பளபளவென்று தேய்த்து வைத்தால் என்ன?
– வாசகர், கும்பகோணம்

தேய்த்தால் சிலையின் முகமே போய்விடும். நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த வெண்கலத்துக்கு மேல்தோல் உலோகமாக இருப்பதில்லை. உள்ளே நல்ல உலோகம், அதன்மேல் செந்நிறச் செம்பு ஆக்சைடு, அதற்கும் மேல் மாலகைட் என்னும் பச்சை நிறச் செம்புக் கார்பனேட் களிம்பு, எல்லாவற்றுக்கும் மேலே மண்ணும் சுண்ணாம்பும் இறுகிய பொருக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும். சிற்பி கடைசியாக உளியால் கீறிய முடிக்கோடும் புருவக்கோடும் இந்த அடுக்குகளின் நடுவேதான் தங்கியிருக்கின்றன. அமிலத்தில் முக்கினால் ஆக்சைடும் மாலகைட்டும் கரைந்து, அடியில் குழிகுழியான உலோகம் மட்டுமே மிஞ்சும். கோடுகள் திரும்ப வராது.

அதனால் வெளிப்பொருக்கை மட்டுமே எடுக்கிறார்கள். நுண்ணோக்கியின் கீழே வைத்து, அறுவைக் கத்தியாலும் மீயொலி அதிர்வுக் கருவியாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்க்கிறார்கள். லேசரும் உண்டு: 1064 நானோமீட்டர் அலைநீளக் கதிரைத் துடிப்புத் துடிப்பாக அடித்தால், கருத்த பொருக்கு ஒளியை உறிஞ்சிச் சூடேறித் தெறித்துவிடும். ஆற்றலைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலும் ஆபத்துதான். மாலகைட் சூட்டில் சிதைந்து கருப்பு ஆக்சைடாகிவிடும், அந்தக் கறையைப் பிறகு நீக்க வழியில்லை. எனவே கண்ணில் படாத இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவில் சோதித்துப் பார்த்த பிறகே முகத்துக்கு வருவார்கள்.

வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதைந்த ஹெர்குலேனியம் நகரிலிருந்து எடுத்து, நேப்பிள்ஸில் வைத்துள்ள சிலைகள் ஒரே சீராகக் கருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எரிமலை தந்த நிறம் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸை அடுத்த போர்ட்டிச்சி அரண்மனைப் பட்டறையில் இயற்கைக் களிம்பைச் சுரண்டிவிட்டுக் கருநிறம் பூசினார்கள். அடியில் இருந்த களிம்பு அன்றைக்கே போய்விட்டது, அதனால் இன்றைய பாதுகாவலர்கள் அந்தப் பூச்சையும் வரலாறாகக் கருதி விட்டுவைக்கிறார்கள். சரியான முடிவு என்றே சொல்வோம்.

எங்கள் ஊரில் சாமி சிலைகளைக் கனமாகத்தான் வார்க்கிறோம். ஆளுயரச் சிலையை ரோமானியர் எப்படி உள்ளே வெறுமையாக வார்த்தார்கள்?
– வாசகர், சுவாமிமலை

மெழுகு உருகி வெளியேற, அந்த இடத்தில் உலோகம் நிரம்பும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. நீங்கள் மெழுகில் முழு உருவத்தைப் பிடிக்கிறீர்கள். அவர்கள் பெரும்பாலும் முதலில் களிமண் மாதிரி செய்து, அதன்மேல் துண்டு துண்டான அச்சு எடுத்தார்கள். ஒவ்வொரு அச்சுத் துண்டின் உட்புறத்திலும் மெழுகைச் சில மில்லிமீட்டர் கனத்தில் அப்பினார்கள். அச்சுகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மணலும் மயிரும் நாரும் கலந்த உள்மண்ணை நிரப்பினார்கள். அச்சைப் பிரித்தால் உள்மண் மேல் மெல்லிய மெழுகுச் சிலை நிற்கும். அதன்மேல் கையால் திருத்தம் செய்வார்கள்.

அடுத்து வருவதுதான் முக்கியம். மெழுகு உருகியபின் உள்மண் நகர்ந்துவிடக் கூடாது. அதற்காக இரும்பு ஆணிகளை மெழுகு வழியாக உள்மண்ணுக்குள் செருகி, மறுமுனை வெளிமண்ணில் பிடித்துக்கொள்ளும்படி விடுவார்கள். ஆணி சரிந்தால் உள்மண் ஒரு பக்கம் சாயும். அந்தப் பக்கத்தில் உலோகச் சுவர் காகிதமாக மெலியும், அல்லது ஓட்டை விழும், எதிர்ப்பக்கம் தடித்துவிடும். பல சிலைகளின் முதுகிலும் தொடையிலும் தெரியும் சின்னச் சதுர ஓட்டைகள் இந்த ஆணிகளின் தடம்.

தலை, கை, கால், உடை மடிப்பு எல்லாம் தனித்தனி வார்ப்பு. இணைக்கும் இடத்தில் இரு விளிம்பிலும் நீள்வட்டக் குழிகளை வரிசையாகத் தோண்டி, மிகையாகச் சூடேற்றிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். விளிம்பும் உருகி ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். வெளியே ராவி மெருகேற்றியதால் மூட்டு தெரியாது. உள்ளே கேமரா விட்டால் வரிசையாக நீள்வட்டங்கள் தெரியும்.

வார்ப்பில் குமிழி விழுந்த இடத்தைச் செவ்வகமாக வெட்டித் தாழ்த்தி, அதே அளவுத் தகட்டை அடித்து இறக்குவார்கள். காலப்போக்கில் தகடு உதிர்ந்துபோனால் செவ்வகப் பள்ளம் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்துப் பின்னாளில் யாரோ சிதைத்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

கலவையில் செம்போடு ஐந்து முதல் பத்து சதவீதம் வரை வெள்ளீயம் இருப்பது சகஜம். ரோமானியர் அதனுடன் காரீயத்தையும் தாராளமாகச் சேர்த்தார்கள். காரீயம் உருகிய உலோகத்தை நன்றாக ஓடவைக்கும், மெல்லிய சுவரிலும் நிரம்பும். ஆனால் அது செம்பில் கரையாமல் உருண்டை உருண்டையாகத் தனித்தே நிற்கும். அதனால் அளவு மீறினால் சிலை பலவீனமாகும். பாதரசம் வைத்துத் தங்கம் பூசுவதற்கும் காரீயம் ஒத்துவராது. வெனிஸில் உள்ள சான் மார்க்கோ குதிரைகளைக் கிட்டத்தட்டத் தனிச் செம்பாகவே வார்த்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறார்கள்.

‘வெண்கல நோய்’ என்று ஒன்று உண்டாமே? அது ஒரு சிலையிலிருந்து இன்னொரு சிலைக்குத் தொற்றுமா?
– வாசகர், மதுரை

தொற்றாது, கிருமியும் இல்லை. இது முழுக்க வேதியியல். ஆனால் கவனிக்காமல் விட்டால் சிலையைப் பொடியாக்கிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மண்ணிலோ கடலிலோ கிடந்தபோது உப்பிலிருந்த குளோரைடு உள்ளே புகுந்து, உலோகத்தை ஒட்டி குப்ரஸ் குளோரைடாக (செம்பும் குளோரினும் சேர்ந்த உப்பு) தங்கிவிடுகிறது. பார்க்க மெழுகு போல, சாம்பல் நிறத்தில் இருக்கும். மேலே களிம்பு மூடியிருக்கும்வரை அது சும்மா கிடக்கும். சிலையைத் தோண்டியெடுத்து ஈரக்காற்று பட்டதும் அது நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிந்து வெளிர்பச்சைத் தூளாகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் நல்ல செம்பைத் தாக்கி மறுபடி குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். அது மறுபடி ஈரத்தோடு சேரும். உலோகம் தீரும்வரை இந்தச் சுற்று ஓயாது. தூள் பழைய களிம்பைவிட அதிக இடம் பிடிப்பதால் மேலடுக்கையும் முட்டித் தள்ளி உடைக்கும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. நல்ல களிம்பு கரும்பச்சை, கெட்டியானது, விரலில் ஒட்டாது. நோயின் தூள் வெளிறிய பச்சை, ஊசியால் தொட்டால் உதிரும், புள்ளி புள்ளியாகக் குழிக்குள் இருந்து கிளம்பும். சந்தேகமாக இருந்தால் தூளில் கடுகளவு எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது. சின்னப் பொருளாக இருந்தால் ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டிய மூடிய பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பதும் வழக்கம். நோய் இருந்தால் புதிய பச்சைப் புள்ளிகள் எழும்.

சிகிச்சைகள் பல, குறையில்லாதது ஒன்றும் இல்லை. சோடியம் செஸ்குவிகார்பனேட் ஐந்து சதவீதக் கரைசலில் மாதக்கணக்கில் ஊறவைத்துக் குளோரைடை இழுப்பது பழைய முறை. ஆனால் அந்தக் கரைசல் செம்பையும் கொஞ்சம் கரைத்து, களிம்பின் மேல் நீலப்பச்சைப் படிகங்களைப் புதிதாக உண்டாக்கிவிடுகிறது. தவிர, ஆளுயரச் சிலையைத் தொட்டியில் ஊறப்போடுவது நடைமுறைக்கு ஒவ்வாதது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களில் வேதியியலர் எஸ். பரமசிவன் பயன்படுத்திய மின்பகுப்பு முறை குளோரைடை நன்றாக வெளியேற்றும். ஆனால் மின்பகுப்பில் களிம்பும் கூடவே போகும். மேலே சொன்ன காரணத்தால் இப்போது மண்ணிலிருந்து எடுத்த நுணுக்கமான வெண்கலங்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள்.

இன்று அதிகம் கையாள்வது பென்சோட்ரையசோல் என்னும் வேதிப்பொருள். எத்தனாலில் மூன்று சதவீதம் கலந்து, சிறிய பொருளை வெற்றிடத்தின்கீழ் ஒரு நாள் மூழ்கடிப்பார்கள், பெரிய சிலைக்குத் தூரிகையால் திரும்பத் திரும்பப் பூசுவார்கள். அது செம்போடு சேர்ந்து மெல்லிய தடுப்புப் படலமாகிறது, மிச்சத்தை எத்தனாலால் துடைக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக்கூடாத நச்சு அது. ஓரிரு குழிகளில் மட்டும் நோய் இருந்தால், அந்தக் குழியை ஊசியால் அடிவரை சுத்தம் செய்து, எத்தனாலில் குழைத்த வெள்ளி ஆக்சைடை அடைப்பார்கள். அது குளோரைடோடு சேர்ந்து வெள்ளிக் குளோரைடாகி வாயை மூடிவிடும். கடைசியாக அக்ரிலிக் பிசின் பூச்சு, அதன்மேல் நுண்படிக மெழுகு.

இவ்வளவு செய்த பிறகும் உள்ளே கொஞ்சம் குளோரைடு இருக்கத்தான் செய்யும். ஆகவே நிரந்தர மருந்து ஒன்றுதான்: காற்றின் ஈரப்பதம் 42 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது.

பிரேசியாவின் ‘சிறகு விக்டோரியா’வைச் சீரமைக்க இரண்டு ஆண்டு பிடித்தது ஏன்? மேலே துடைத்துப் பூசுவதற்கு இவ்வளவு காலமா?
– வாசகர், திருநெல்வேலி

சிறகுள்ள ரோமானிய வெற்றித் தெய்வமான விக்டோரியாவின் அந்தச் சிலையில் பெரிய வேலை மேலே இல்லை, வயிற்றுக்குள் இருந்தது.

ரோமானியப் பேரரசர் வெஸ்பேசியன் காலத்தில், கி.பி. 73-இல் பிரேசியாவில் எழுந்த கோயிலுக்கும் பின்னால் உள்ள சிட்னியோ குன்றுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. 1826 ஜூலை 20 அன்று அந்த இடுக்கில் இந்தச் சிலை கிடைத்தது. கூடவே பேரரசர்களின் தலைகள் ஆறும், பல வெண்கலத் துண்டுகளும் குவிந்து கிடந்தன. உருக்கிவிடுவார்கள் என்று பயந்து யாரோ ஒளித்துவைத்ததாகவே கருதப்படுகிறது. சிறகுகளும் கைகளும் அப்போதே தனியாகக் கழன்றிருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் சிலையை நிறுத்த உள்ளே இரும்புத் தாங்கி வைத்து, அது அசையாமல் இருக்க நிரப்புப் பொருளும் அடைத்தார்கள். சிறகுகளின் பாரம் முழுவதும் அந்த இரும்பில் தொங்கியது.

இரும்பும் வெண்கலமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் ஒரு மின்கலம்போல வேலை நடக்கும், இரும்பு முந்திக்கொண்டு துருப்பிடிக்கும். துருவின் பருமன் இரும்பைவிடப் பல மடங்கு. சில மில்லிமீட்டர் கனமே உள்ள சுவரை அது உள்ளிருந்து நெம்பும். நிரப்புப் பொருள் ஈரத்தைப் பிடித்துவைத்து இதை வேகப்படுத்தும். வெளியே எந்தக் குறையும் தெரியாமலே உள்ளே விரிசல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபிளாரன்ஸில் உள்ள ஓப்பிஃபீச்சோ தெல்லே பியேத்ரே தூரே என்னும் சீரமைப்பு நிறுவனம் 2018-இல் சிலையை எடுத்துக்கொண்டது. சிறகுகளையும் கைகளையும் கழற்றி, உள்ளே இருந்த நிரப்பையும் பழைய தாங்கியையும் எடுத்தார்கள். இத்தகைய வேலையில் அவசரத்துக்கே இடமில்லை: சுத்தியல் அடி விழுந்தால் பழைய பற்றவைப்பு விட்டுப்போகும், தண்ணீர் விட்டு ஊறவைத்தால் குளோரைடு விழித்துக்கொள்ளும். உலர்ந்த நிலையிலேயே கழுத்து, தோள் வாய் வழியாகக் கைக்கு எட்டும் அளவு பெயர்த்து, உறிஞ்சிக் குழாயால் வெளியேற்ற வேண்டும். பிறகு உடலின் வளைவுக்கும் சிறகுகளின் எடைக்கும் கணக்குப் போட்டு வடிவமைத்த புதிய தாங்கி உள்ளே போனது. தேவைப்பட்டால் அதைப் பிரித்து எடுத்துவிடலாம். பழையதற்கு அந்த வசதி இல்லாமல் போனதுதான் இத்தனை உழைப்புக்கும் காரணம்.

2020 நவம்பரில் சிலை பிரேசியாவுக்குத் திரும்பியது. கண்டெடுத்த அதே கோயிலின் கிழக்கு அறையில், ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஹுவான் நவாரோ பால்தெவெக் வடிவமைத்த அரங்கில், நில அதிர்வைத் தாங்கும் பீடத்தின்மேல் நிற்கிறது. போகிறவர்கள் தலைமுடியைச் சுற்றிய பட்டையை உற்றுப் பாருங்கள். வெண்கலத்தில் வெள்ளிக் கோடு பதித்திருக்கிறார்கள்.

வெண்கலத்தை எக்ஸ்-ரே எடுக்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். மருத்துவமனைக் கருவி போதாது, தொழிற்சாலைப் பற்றவைப்பைச் சோதிக்கும் உயர்மின்னழுத்தக் கருவியோ காமா கதிரோ வேண்டும். முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவதால் பல கோணங்களில் எடுத்துத்தான் படிக்க முடியும். காரீயம் மிகுந்த இடம் வெளுத்தும், குமிழியும் விரிசலும் கறுத்தும் விழும். லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம் ஹெர்குலேனியம் போலவே எரிமலையில் புதைந்த பாம்பேய் நகரின் அப்போலோ சிலையை 2009 முதல் ஆராய்ந்து 2011-இல் காட்சிக்கு வைத்தபோது, பழைய சீரமைப்பில் உள்ளே வைத்த தாங்கியைத் திறக்காமலே படித்தது இந்த வழியில்தான்.

கண்கள் ஏன் பல சிலைகளில் வெறும் குழியாக இருக்கின்றன?
– வாசகி, யாழ்ப்பாணம்

கண் தனியாகச் செய்து பொருத்தியது. வெண்விழிக்கு எலும்போ தந்தமோ வெண்கல்லோ, கருவிழிக்குக் கண்ணாடியோ நிறக்கல்லோ. எல்லாவற்றையும் செப்புத் தகட்டுக் கூட்டில் வைத்து, தகட்டின் விளிம்பை இமைமயிராகச் சீப்புப்போல் நறுக்கியிருப்பார்கள். ஒட்டுப்பசை கெட்டதும் முதலில் விழுவது இதுதான். உதடுக்குத் தனிச் செம்பு, பல்லுக்கு வெள்ளித் தகடு.

ரோமின் பலாட்சோ மாஸிமோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘அமர்ந்த குத்துச்சண்டை வீரன்’ (ரோமில் 1885-இல் கிடைத்தது, கலைமரபு கிரேக்கம்) இந்த நுட்பத்தின் உச்சம். முகத்துக் காயங்களில் செம்பு பதித்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கன்றிப்போன வீக்கத்தை வேறு கலவையில் வார்த்து அடர்நிறமாக்கியிருக்கிறார்கள். வலத் தொடையிலும் கையிலும் சில செப்புத் துளிகள். தலையைத் திருப்பியபோது முகத்திலிருந்து சிந்திய ரத்தம் அது. எல்லாவற்றையும் பச்சையாக்கி விட்டிருந்தாலோ, மொத்தமாகத் தேய்த்திருந்தாலோ இந்த நிறபேதம் நமக்குக் கிடைத்திருக்காது.

உடைந்த பாகங்களைப் புதிதாகச் செய்து ஒட்டுகிறார்களா? அப்படியானால் எது பழசு, எது புதுசு?
– வாசகர், தஞ்சாவூர்

முன்பு தாராளமாக ஒட்டினார்கள். நேப்பிள்ஸில் உள்ள ‘மஸோக்கி குதிரை’ ஒரே குதிரை அல்ல. ஹெர்குலேனியத்தில் சிதறிக் கிடந்த தேர்க் குதிரைகளின் துண்டுகளைச் சேர்த்து 18-ஆம் நூற்றாண்டில் ஒன்றாக்கியது. அந்தக் காலத்தில் மிச்சத் துண்டுகளில் சிலவற்றை உருக்கி அரசர், அரசியின் உருவங்களை வார்த்ததும் நடந்தது. நெஞ்சு பதறும் இழப்பு அது.

இன்றைய விதி வேறு. இல்லாத கையைக் கற்பனையாகச் செய்வதில்லை. விக்டோரியா ஏந்தியிருந்த கேடயம் இல்லை, இல்லாமலே நிற்கிறாள். சிலையின் பலத்துக்குத் தேவையான ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். முதலில் கரைப்பானில் கரையும் அக்ரிலிக் பிசினை விளிம்பில் தடுப்பாகப் பூசி, அதன்மேல் நிறப்பொடி கலந்த எப்பாக்சி. தடுப்பு இருப்பதால் பின்னாளில் அடைப்பைச் சேதமில்லாமல் எடுக்கலாம். நிறத்தை ஒரு சாயல் மாற்றியோ மட்டத்தை மயிரிழை தாழ்த்தியோ விடுவார்கள். எட்ட நின்றால் உறுத்தாது, கிட்டப் போனால் தெரியும்.

பேரரசர் மார்க்கஸ் அவ்ரேலியஸின் குதிரைச் சிலை ரோமில் திறந்தவெளியில்தானே நிற்கிறது?
– வாசகர், ஈரோடு

கப்பிட்டோலின் குன்றின் சதுக்கத்தில் நிற்பது 1997-இல் வைத்த நகல். வாகனப் புகையும் அமில மழையும் பொன்தகட்டைத் தின்ன ஆரம்பித்ததால் 1981-இல் மூலச்சிலையை இறக்கிச் சீரமைத்தார்கள். 1990 முதல் அது கப்பிட்டோலின் அருங்காட்சியகத்துக்குள்.

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் வெண்கலங்களை மரப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அது சரியா?
– வாசகர், சேலம்

பொதுவாகச் சரியில்லை. தேக்கானாலும் ஒட்டுப்பலகையானாலும் கரிம அமில ஆவி வெளிவிடும். காரீயம் கலந்த வெண்கலத்துக்கு அது பகை. கம்பளித் துணி விரிப்பு கந்தக ஆவி விடும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1973-இல் உருவான ‘ஆடி’ (Oddy) சோதனையை எந்த ஆய்வகத்திலும் செய்யலாம்: பெட்டிக்குப் பயன்படுத்தும் பொருளில் சிறு துண்டு, கொஞ்சம் நீர், வெள்ளி, காரீயம், செம்பு ஆகியவற்றின் மெருகிட்ட சின்னத் தகடுகள். எல்லாவற்றையும் இறுக மூடிய கண்ணாடிக் குழாயில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைக்க வேண்டும். தகடுகள் மங்கினால் அந்தப் பொருள் பெட்டிக்கு ஆகாது.

கண்ணாடியும் பவுடர் பூச்சிட்ட உலோகமும் நல்லவை. அடியில் இழுப்பறை வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை எடுத்து உலர்த்துங்கள். மழைக்காலத்தில் மாதம் இருமுறை. ஜெல்லைவிட முக்கியம் பெட்டி மூட்டுகளின் இறுக்கம். காற்று கசிந்தால் எத்தனை ஜெல் போட்டாலும் வீண். பத்து நிமிடம் மின்சாரம் போனாலும் ஏறிவிடும் ஈரத்தை இறுக்கமான பெட்டி தாங்கிக்கொள்ளும், குளிர்சாதனத்தை மட்டும் நம்பிய அறை தாங்காது.

ரோமானிய வெண்கலம் இந்தியாவில் எங்காவது கிடைத்திருக்கிறதா?
– வாசகர், பெங்களூரு

மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில், பிரம்மபுரி மேட்டில் 1940-களில் கிடைத்த வெண்கலக் குவியலில் கடல்தெய்வம் பொசைடனின் சிறு சிலையும் இருந்தது. கோலாப்பூர் டவுன் ஹால் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

வயலில் கிடைத்த பழைய வெண்கலச் சிலையைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

கூடவே கூடாது. தினமும் புழங்கும் குத்துவிளக்குக்குப் புளி தேய்ப்பது வேறு. அதற்கு இழக்கக்கூடிய பழைய மேற்பரப்பு இல்லை, தேய்த்ததும் கழுவித் துடைக்கிறோம். மண்ணிலிருந்து எடுத்ததில் புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும், உப்பின் குளோரைடு கரைந்த இடத்தின் வழியாக நேரே உலோகத்துக்குப் போகும். வெண்கல நோயை நம் கையாலேயே ஊட்டியதாகிவிடும். எலுமிச்சை, விபூதி, சந்தையில் விற்கும் பாலிஷ், எண்ணெய்ப் பூச்சு எதுவும் வேண்டாம்.

தண்ணீரில் கழுவாமல், வெறுங்கையால் தொடாமல், ஒட்டிய மண்ணோடு பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எழுதி, எடுத்த குழியைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் ஒப்படைக்கும்போது அந்த மண்ணையும் குறிப்பையும் சேர்த்தே கொடுங்கள்.